மை போன வழி

இந்த நாற்காலி காலிதானுங்க, உக்காருங்க. டோக்கன் எத்தனைங்க? நாப்பத்தி ஒண்ணா. எனக்கு முப்பத்தி எட்டு. உள்ள இப்பத்தான் முப்பத்தி ரெண்டு போயிருக்குது. விக்கறதும் இங்கதான், ரிப்பேரும் இங்கதான், அதனால கூட்டம். சித்தெ நேரம் ஆகுமுங்க.

கையில அதென்னங்க, பிரிண்டர் நோட்டீஸுங்களா? மூணு நாலு வச்சிருக்கறீங்க. புது ஆபீஸா? நீங்களும், டைப் அடிக்க ஒரு பொண்ணுமா. சரி சரி. எதை வாங்கலாம்னு என்னைக் கேக்கறீங்க. கேக்காதீங்க தம்பி. கேட்டா சொல்லிருவேன். சொல்ல ஆரம்பிச்சா அது பிரிண்டரோட நிக்காது.

கேட்டுட்டீங்க, ஒண்ணு சொல்றேன். அந்த ஆபீஸ்ல தினமும் யாரு பிரிண்ட் எடுக்கப் போறாங்களோ அவங்களைக் கடைக்குக் கூட்டிட்டு வாங்க. கூட்டிட்டு வந்தாப் பத்தாது. அவங்க சொல்றதை வாங்குங்க. நானும் கூட்டிட்டுத்தான் வந்தேன்.

என் பேரு தர்மலிங்கம். கோபியில, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல, பேக்கரிக்கு மேல மாடியில எங்க கல்யாணத் தகவல் மையம். மொதலாளி நல்லசிவம் அண்ணன். நான் மேனேஜர். மேனேஜர்னா பெருசா நினைச்சுக்காதீங்க, மொத்தமே மூணு பேரு. அண்ணன், நான், அப்பறம் ரேணுகான்னு ஒரு பொண்ணு. நான் பதினோரு வருசமா இருக்கறேன். அது ஆறு வருசம் இருந்துச்சு. முப்பத்தி நாலு முப்பத்தி அஞ்சு வயசு இருக்கும். ஊட்டுக்காரர் கார் டிரைவர், பாதி நாள் வெளியூரு. ஏழாவது படிக்கற பாப்பா ஒண்ணு. அப்பா அம்மா இல்லாததால கல்யாணமாகாத தங்கச்சியும் அவங்க கூடத்தான். ஹேமலதான்னு பேரு, பி.எட். முடிச்ச பொண்ணு. இதையெல்லாம் இப்பவே சொல்லிர்றேன், அப்பறம் வேணும்.

எங்க தொழில்ல பயோடேட்டாதானுங்க எல்லாம். ஒரே பக்கத்துல மேல போட்டோ, கீழ ஜாதகக் கட்டம், குலம், படிப்பு, வேலை. முன்னாடி இருந்தது கறுப்பு வெள்ளை மிஷின். அதுல எந்தப் பொண்ணை எடுத்தாலும் கறுப்பாத்தான் வரும். பொண்ணைப் பெத்தவங்க சும்மா இருப்பாங்களா? 'என்ற பொண்ணு இந்த நெறமா'ன்னு சண்டைக்கு வந்துட்டாங்க. அப்பத்தான் அண்ணன் சொன்னாரு, 'கலர் பிரிண்டர் ஒண்ணு எடுத்துட்டு வந்துரு தர்மா. ரேணுகாவையும் கூட்டிட்டுப் போ, அதுதான ஓட்டப் போகுது.' போன வருசத்துக்கு முந்துன வருசமுங்க, இதே ஆடி மாசம். ஆடியில எங்களுக்கு வேலை இருக்காது பாருங்க.

இந்தக் கடை இல்லீங்க, அது கோபியிலயே ஒரு கடை. போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ரேணுகா உக்காந்து எண்ணியிருக்குது. ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் எடுக்கறோம், அதுல கலரு எத்தனை, கறுப்பு எத்தனைன்னு துண்டுச் சீட்டுல எழுதி எடுத்துட்டு வந்துச்சு. கடைக்காரப் பையன்கிட்ட அதை வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாக் கேட்டுச்சு. ஒரு தடவை மை போட்டா எத்தனை பக்கம் வரும், போட்டோவுக்கு எத்தனை, வெறும் எழுத்துக்கு எத்தனை, நாலு நாள் எடுக்காம வச்சிருந்தா மை காஞ்சு போகுமான்னு. அந்தப் பையன் என்ன பண்றான், அது கேக்கற கேள்விக்கு என் மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்றான். எனக்கு ஒண்ணும் புரியலை. நானும் தலையாட்டிக்கிட்டு நின்னேன்.

கடைசியில அது ஒண்ணைக் காட்டுச்சு. 'சார், இது பாட்டில்ல இருந்து மை ஊத்தற மாடலுங்க. எவ்வளவு மை இருக்குன்னு வெளியிலயே தெரியுது. நமக்கு நாளைக்கு நாப்பது பக்கம் போகுது சார். சின்னக் காட்ரிட்ஜ் தாங்காது.'

நல்லாத்தான் சொல்லுச்சு. ஆனா எனக்கு அந்த மிஷின் பிடிக்கலை. முன்னாடி நாலு டப்பா, நாலு கலரு, பாக்கறதுக்கு சாயப்பட்டறை மாதிரி. பக்கத்துலயே இன்னொண்ணு இருந்துச்சுங்க. வெள்ளையா, சின்னதா, விரல்ல தொட்டா வேலை செய்யற திரை. செல்போன்ல இருக்கற போட்டோவைக் கம்பியில்லாம எடுத்துக் காட்டினான். ஒரு கிளி. எறகு ஒவ்வொண்ணும் எண்ணலாம் போல. வெலையும் கம்மி.

வெலை கம்மின்னுதான் நான் அண்ணன்கிட்ட சொன்னேன். உங்ககிட்ட என்ன மறைக்கறது. அந்தப் பையன் ஒரு வார்த்தை சொன்னானுங்க. 'மேடம் ரொம்ப விவரமாக் கேக்கறாங்க சார்'னான். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான். அதுக்கப்பறம் அது காட்டுனதை வாங்க எனக்கு மனசு வரலை. 'இந்த வெள்ளையைக் கட்டுப்பா'ன்னுட்டேன்.

ரேணுகா பில்லை வாங்கிப் பையில வச்சுக்குச்சு. ஆட்டோவுல வர்றப்ப, 'இதுவும் நல்ல மாடல்தான் சார், பாத்துப் பாத்து எடுத்துக்கலாம்'னு எனக்குத் தைரியம் சொன்ன மாதிரி சொல்லுச்சு. எனக்கு அதுவும் பிடிக்கலை.

மொதல் மூணு மாசம் பேருதானுங்க. போட்டோ அவ்வளவு அம்சமா வந்துச்சு. 'தர்மா நல்ல மிஷினாப் பிடிச்சுட்டான்'னு அண்ணன் வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்வாரு. ரேணுகா பக்கத்துலதான் உக்காந்திருக்கும்.

அது அந்த மிஷினோட வந்த புஸ்தகத்தைப் படிச்சிருக்குது. யாருங்க அதைப் படிக்கறாங்க? அது படிச்சுச்சு, பாப்பாவோட டிக்சனரிய வச்சுக்கிட்டு. ஒரு நா என்கிட்ட வந்து, 'சார், இதைச் சுவத்து ஸ்விட்சுல அணைக்கக் கூடாதாமுங்க. மிஷின்லயே ஒரு பட்டன் இருக்குது, அதுலதான் அணைக்கணுமாம்'னுச்சு. எனக்கு ஒரு பழக்கம். அதுக்கும் ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு இடியில கம்ப்யூட்டர் பொசுங்கிப் போச்சு. அதுல இருந்து சாயங்காலம் பூட்டறப்ப எல்லாத்தையும் மெயின்லயே அணைச்சுருவேன். 'நாளைக்கு இடி விழுந்தா புஸ்தகம் எழுதுனவன் வந்து பதில் சொல்லுவானா?'ன்னு கேட்டேன். அண்ணன் சிரிச்சாரு. அது திரும்பப் போயி உக்காந்துக்குச்சு. அப்பறம் அந்தப் பேச்சை எடுக்கலை.

இன்னொண்ணும் பண்ணினேன். ஒரு நா போட்டோவுல கோடு கோடா விழுந்துச்சு. கடையில கேட்டதுக்கு, 'திரையில க்ளீனிங்னு இருக்கும் சார், அதை அமுக்குங்க'ன்னாங்க. அமுக்குனேன், சரியாப் போச்சு. அன்னையில இருந்து தினமும் காலையில, ரேணுகா வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு தடவை அமுக்கி வச்சுருவேன். அது வந்ததும் சிரமமில்லாம எடுக்கட்டுமேன்னு. நல்ல எண்ணத்துலதானுங்க. கர்ரு புர்ருன்னு கொஞ்ச நேரம் சத்தம் போடும். நல்லாக் கழுவுதுன்னு நினைச்சுக்குவேன். கழுவறதுக்கு மை போகும்னு யாருங்க நினைப்பாங்க? நீங்க நினைப்பீங்களா? நினைச்சிருப்பீங்க போல. படிச்சவங்க.

மை தீர ஆரம்பிச்சுது. மாசம் ஒரு செட்டு வாங்குனது ரெண்டு செட்டாச்சு. நம்ம மிஷினாச்சே, விட்டுக் குடுக்க முடியுமா? சீசன், அதனால போகுதுன்னு சொல்லிக்கிட்டேன். போன ஐப்பசியில ஒரு நா, சத்தியமங்கலத்துல இருந்து ஒரு பெரிய இடம் வந்து உக்காந்திருந்தாங்க. பையனோட அம்மா, மாமா, சித்தப்பா. ஒரு பொண்ணோட ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருத்தம். பயோடேட்டாவை எடுத்துக் குடும்மான்னு அண்ணன் சொல்றாரு. எடுத்தா, பாதியில சிவப்பு மை தீந்து போச்சு. பொண்ணோட நெத்தியும் கண்ணும் நல்லா வந்துச்சு, மூக்குக்குக் கீழ பச்சையா வந்துச்சு. அந்தம்மா கையில வாங்கிப் பாத்தாங்க. 'சகுனமே சரியில்லீங்க'ன்னு எந்திரிச்சுட்டாங்க. மாத்து மை போட்டு எடுத்துத் தர்றோம், அஞ்சு நிமிசம் இருங்கன்னு ரேணுகா படிக்கட்டு வரைக்கும் பின்னாடியே போச்சு. நிக்கலை.

அன்னைக்குச் சாயங்காலம் அண்ணன் என்னை மட்டும் கூப்பிட்டாரு. 'என்ன தர்மா, நீ வாங்குன மிஷின் இப்படி மை குடிக்குது?'

நீ வாங்குன மிஷின். போட்டோ நல்லா வந்தப்ப நான் பிடிச்ச மிஷினு. இப்ப நான் வாங்குன மிஷினு. சுருக்குன்னு இருந்துச்சுங்க எனக்கு. நான் சொன்னேன், 'மிஷின் நல்ல மிஷினுங்கண்ணா. உபயோகப்படுத்தறதைப் பொறுத்து இருக்குது.'

'யாரு உபயோகப்படுத்தறா?'

பேரு சொல்லலை. கதவுக்கு அந்தப்பக்கம் ரேணுகா டேபிளைப் பூட்டிட்டு இருந்துச்சு, அந்தப்பக்கம் ஒரு பார்வை பாத்தேன். அவ்வளவுதான். அண்ணனும் பாத்தாரு.

மறுநாள் நான்தான் ஒரு நோட்டுப் போட்டேன். பிரிண்ட் எடுக்கற ஒவ்வொரு பக்கத்தையும் தேதி போட்டு, யாருக்குன்னு எழுதி, கையெழுத்துப் போடணும். மை டப்பாவை என் டிராயர்ல வச்சுப் பூட்டிக்கிட்டேன். ரேணுகாகிட்ட, 'பொதுவா ஒரு ஒழுங்குக்குத்தாம்மா'ன்னு சொன்னேன். ஆபீஸ்ல பிரிண்ட் எடுக்கறது அது ஒருத்திதான், அதுல பொதுவென்ன. அது கேக்கலை. எழுத ஆரம்பிச்சுது. அழகான கையெழுத்துங்க, கோடு போட்ட மாதிரி. ஒரு எழுத்துப் பிழையாப் போனா அந்தப் பக்கத்தைக்கூட எழுதி, 'வீண்'னு பக்கத்துல போடும்.

ஒரு மாசம் கழிச்சு அண்ணன் நோட்டையும் மை டப்பா அட்டையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாரு. ஒரு செட்டுக்கு இத்தனை பக்கம் வரணும்னு அட்டையில போட்டிருக்குது. நோட்டுல அதுல பாதிகூட இல்லை. 'மீதிப் பக்கம் எங்க தர்மா?'ன்னாரு. எனக்குத் தெரிஞ்சாத்தானுங்க சொல்ல.

இதுக்கு நடுவுலதான் அந்தப் பூப்படம்.

இதை எப்படிச் சொல்றது. ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பறம், ரேணுகா என் டேபிள்கிட்ட வந்து நின்னுச்சு. 'சார், பாப்பாவுக்கு ஸ்கூல்ல செம்பருத்திப் பூவோட பாகம் கலர் படமா ஒட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. ஒரே ஒரு பக்கமுங்க. எடுத்துக்கட்டுங்களா? நோட்டுல என் பேருல எழுதிர்றேன்.'

நான் தினத்தாள் படிச்சுட்டு இருந்தேன். 'ஒரு பக்கம்தான, எடுத்துக்கம்மா. இதையெல்லாமா நோட்டுல எழுதுவாங்க, விடு'ன்னேன்.

ஆமாங்க. நான்தான் சொன்னேன். எழுத வேண்டாம்னும் நான்தான் சொன்னேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. அண்ணன் ஏதோ ஃபைல் தேடிட்டு ரேணுகா டேபிளுக்குப் போனாரு. அங்க அந்தப் படம் இருந்துச்சு. செக்கச்செவேல்னு பக்கம் முழுக்கச் செம்பருத்தி. கையில எடுத்து வச்சுக்கிட்டு, 'இது எந்தப் பொண்ணோட பயோடேட்டா அம்மணி?'ன்னாரு. கிண்டலாத்தான்.

'பாப்பாவுக்குங்கண்ணா. ஸ்கூலுக்கு.'

'நோட்டுல இருக்குதா?'

'இல்லீங்கண்ணா. சாருகிட்டக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்.'

அண்ணன் என்னைப் பாத்தாரு. அதுவும் பாத்துச்சு. பயமெல்லாம் இல்லை அது மூஞ்சியில. நான் ஆமான்னு சொல்லப் போறேன், அதுக்கப்பறம் அது வேலையப் பாக்கப் போகுது, அப்படித்தான் நின்னுச்சு.

ஆமான்னு சொன்னா அடுத்த கேள்வி என்னங்க வரும்? அப்ப எழுத வேண்டாம்னு ஏன் சொன்னேம்பாரு. நோட்டைப் போட்டதே நீதானேம்பாரு. இப்படி எத்தனை பக்கத்துக்கு வேண்டாம்னு சொன்னேம்பாரு. இதெல்லாம் ஒரு நொடியில மனசுல ஓடுச்சு. வாயில வந்தது என்னன்னா, 'கேட்டுச்சுங்களா? எனக்கு ஞாபகம் இல்லீங்களேண்ணா.'

அவ்வளவுதான். கேக்கலைன்னு நான் சொல்லலை பாருங்க. ஞாபகம் இல்லைன்னுதான் சொன்னேன்.

அண்ணன் கத்தவெல்லாம் இல்லை. படத்தை மெதுவா டேபிள் மேல வச்சாரு. 'ஒரு பக்கத்துக்கு நான் ஒண்ணும் சொல்லலை அம்மணி. எழுதாம எத்தனை பக்கம் போயிருக்குன்னுதான் பாக்கறேன்'னாரு. கம்ப்யூட்டர்ல ஒரு பயோடேட்டா பாதியில நின்னுட்டு இருந்துச்சு. ரேணுகா உக்காந்து அதை முடிச்சுச்சு. நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுச்சு. போறப்ப அந்தப் பூப்படத்தை எடுத்துட்டுப் போகலை.

நாங்க யாரும் வேலைய விட்டுப் போகச் சொல்லலீங்க. அண்ணனும் சொல்லலை, நானும் சொல்லலை. திங்கக்கிழமை காலையில நான் போறப்ப அது முன்னாடியே வந்து படிக்கட்டுல நின்னுட்டு இருந்துச்சு. சாவியும் நோட்டும் என் கையில குடுத்துச்சு. 'ஏம்மா'ன்னேன். அது நிதானமாச் சொல்லுச்சு: 'நீங்க எடுத்துக்கன்னு சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்குதுங்க சார். அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.' அதுக்கப்பறம், 'செவ்வாக்கிழமை பவானிப் பார்ட்டி வருவாங்க, அவங்க ஜாதகம் மூணாவது ஃபைல்ல இருக்குதுங்க'ன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிருச்சு.

ஆறு வருசம். ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பியிருக்கலாம். தோணலை.

தண்ணி இருக்குங்களா உங்ககிட்ட? குடுங்க. இப்ப எத்தனை கூப்பிட்டாங்க? முப்பத்தி நாலா. இருக்குது நேரம்.

தங்கச்சின்னு சொன்னேனல்லங்க, ஹேமலதா. அது பயோடேட்டாவும் எங்க ரிஜிஸ்டர்லதான் இருந்துச்சு. ரேணுகா அங்க இருக்கறப்பவே ஒரு எடம் கூடி வந்துச்சு. அந்தியூர்ப் பக்கம், பையன் பள்ளிக்கூட வாத்தியார். பொண்ணு பாத்தாச்சு, பிடிச்சும் போச்சு. தையில நிச்சயம் வச்சுக்கலாம்னு பேச்சு. மார்கழி கடைசியில பையனோட பெரியப்பா ஆபீஸுக்குப் போன் பண்ணினாரு. நிச்சயத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை விசாரிக்கறது வழக்கம். அண்ணன் இல்லை, நான்தான் எடுத்தேன்.

'பொண்ணோட அக்கா உங்க ஆபீஸ்லதான இருந்துச்சு? ஏனுங்க நின்னுருச்சு?'

'அது...' அப்படின்னேன். அப்பறம், 'அது ஆபீஸ் விசயமுங்க. குடும்பம் நல்ல குடும்பம்'னேன்.

தப்பா ஒரு வார்த்தை இருக்குதுங்களா அதுல? நல்ல குடும்பம்னுதான சொன்னேன். ஆனா பாருங்க தம்பி, பதினோரு வருசமா இந்த வேலைதான் பாக்கறேன். விசாரிக்கறவங்க நம்ம வார்த்தையைக் கேக்கறதில்லை. எந்த எடத்துல நிறுத்தறோம்னு கேக்கறாங்க. அந்த 'அது'வுக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல நான் நிறுத்துனேன் பாருங்க, அவரு அதைக் கேட்டுட்டாரு. 'சரிங்க, சரிங்க'ன்னு வச்சுட்டாரு. தை பொறந்துச்சு, அவங்ககிட்ட இருந்து போன் வரலை. ஜாதகத்துல ஏதோ தோசம்னு சொல்லி விட்டுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். அந்த ஜாதகத்தைப் பாத்ததே நாங்கதானுங்க. தோசம் ஒண்ணும் கெடையாது.

சரி, இப்ப மையைச் சொல்றேன். நீங்க அதைத்தான கேட்டீங்க.

ரேணுகா போயி ஒரு மாசம். மை அதே மாதிரிதான் தீந்துச்சு. புதுசா ஒரு பொண்ணு வந்திருந்துச்சு, அதுக்குத் தமிழ்ல டைப் அடிக்கவே பாதி நாள் ஆகும், எடுக்கறதே நாளைக்குப் பதினஞ்சு பக்கம். மை மட்டும் அதே வேகத்துல போகுது. மொத டப்பா தீந்தன்னைக்கே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. யாராச்சும் எடுத்திருந்தா, எடுத்தவங்கதான் போயாச்சே. அப்பறம் எப்படி?

அன்னைக்கே அண்ணன்கிட்டப் போயிருக்கணும். போகலை. என்ன பண்ணினேன்னா, மாசம் ஒரு செட்டு அண்ணன்கிட்டச் சொல்லி வாங்குவேன். ரெண்டாவது செட்டு என் கைக்காசுல வாங்கி, அவரு இல்லாதப்ப மாத்திருவேன். காலி டப்பாவை வண்டிப் பெட்டிக்குள்ள போட்டு எடுத்துட்டுப் போயி வாய்க்கால் பாலத்துக்கிட்ட எறிஞ்சுருவேன். மார்கழியில இருந்து ஆனி வரைக்கும் இப்படித்தான். அண்ணன் சொல்வாரு, 'பாத்தியா தர்மா, அது போனதும் மை நிக்குது.' நான் ஆமாங்கண்ணாம்பேன். ஊட்டுல என் சம்சாரம், 'சம்பளத்துல என்னங்க குறையுது'ன்னு கேக்கும். அவகிட்டயும் சொல்லலை.

போன மாசம் மிஷின் அதுவா நின்னு போச்சு. திரையில என்னமோ எழுதுச்சு, ஒரு சிவப்பு வெளக்கு மாத்தி மாத்தி எரிஞ்சுது. இங்கதான் தூக்கிட்டு வந்தேன். அந்தக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நீல கோட்டுப் போட்டு உக்காந்திருக்குதுங்களா ஒரு பொண்ணு, ஹசீனான்னு பேரு, அதுதான் பிரிச்சுச்சு. பின்பக்கத்தைக் கழட்டி, அடியில இருந்து பஞ்சு மாதிரி ஒரு பட்டையை இடுக்கியில தூக்குச்சு. ரெண்டு விரல் கனம். கறுப்பா, சொதசொதன்னு. கீழ தாளு போட்டு வச்சுச்சு, தாளு பூரா பரவுது. கறுப்புக்கு ஓரத்துல நீலம், சிவப்பு, மஞ்சள்.

'தினமும் மெயின்ல அணைப்பீங்களா சார்?'னு கேட்டுச்சு.

'ஆமாம்மா.'

'க்ளீனிங் அடிக்கடி குடுப்பீங்களா?'

'காலையில ரெண்டு தடவை.'

அது என்னைப் பாத்த பார்வையில கோவமெல்லாம் இல்லை, பாவமேங்கற மாதிரி பாத்துச்சு. 'அப்படி அணைச்சா மறுநாள் போடறப்ப அதுவே ஒரு தடவை கழுவும் சார். நீங்க ரெண்டு தடவை. மையிலதான் கழுவும், வேற எதுல கழுவும்? கழுவுன மை எல்லாம் இந்தப் பஞ்சுக்குத்தான் வரும். நீங்க வாங்குன மையில பாதி பேப்பருக்கே போகலீங்க சார்.' அப்பறம் ஒரு பட்டனை அமுக்கி ஒரு சீட்டு எடுத்துச்சு. வாங்குன நாள்ல இருந்து எத்தனை பக்கம் எடுத்திருக்குன்னு மிஷினே எழுதிக் குடுக்குது. நோட்டே தேவையில்லீங்க. அந்தச் சனிக்கிழமை நான் அதை அமுக்கியிருந்தாப் போதும்.

அந்தப் பஞ்சை ஒரு பிளாஸ்டிக் கவர்ல கேட்டு வாங்கிக்கிட்டேன். எதுக்குன்னு அந்தப் பொண்ணுக்குப் புரியலை. நேரா அண்ணன் ஊட்டுக்குப் போயி, 'மிஷின் கோளாறுங்கண்ணா, மை உள்ளயே வடிஞ்சிருக்குது'ன்னு காட்டுனேன். அவரு கவரை வாங்கிப் பாத்தாரு. 'அப்ப ரேணுகா?'ன்னாரு. நான் கவரைத் திரும்பச் சுத்த ஆரம்பிச்சேன். அவரே, 'நாமளா போகச் சொன்னோம்? அதுவா போச்சு. எழுதாம ஒரு படம் எடுத்தது எடுத்ததுதான. விடு தர்மா'ன்னாரு. எனக்கு மூச்சு வந்துச்சுங்க. வந்ததுக்கு அப்பறம்தான் வெக்கமா இருந்துச்சு.

ரேணுகா இப்ப தாலுக்கா ஆபீஸ் பக்கத்துல ஒரு ஜெராக்ஸ் கடையில இருக்குது. மறுநாள் அங்க போனேன். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னுக்கிட்டே வேலை. என்னையப் பாத்ததும், 'வாங்க சார், என்ன எடுக்கணும்?'னு கேட்டுச்சு. நான் கவரை மேஜை மேல வச்சேன். 'மிஷின்தாம்மா குடிச்சிருக்குது'ன்னேன்.

அது கவரைப் பிரிக்கவே இல்லை. 'தெரியும் சார். இங்க அதே மாதிரி ரெண்டு இருக்குது. வந்த மூணாம் நாளே தெரிஞ்சுருச்சு.'

'அப்ப ஏம்மா வந்து சொல்லலை?'

'யாருகிட்டங்க சார் சொல்றது?'

ஒருத்தர் பட்டா நகலை நீட்டுனாரு. ரெண்டு பக்கமும் எடுத்துக் குடுத்துட்டுத் திரும்புச்சு. 'அண்ணன்கிட்டச் சொல்லிட்டீங்களா?'

'சொல்லிட்டேம்மா. மிஷின் கோளாறுன்னு சொல்லிட்டேன்.'

'நான் உங்களைக் கேட்டுட்டு எடுத்ததைச் சொன்னீங்களா?'

நான் கவரை இன்னும் கொஞ்சம் அது பக்கம் நகத்துனேன். 'எனக்கு எதுவும் வேண்டாம் சார். அந்தியூர்க்காரங்க நம்பர் உங்ககிட்ட இருக்குமல்ல? அவங்களுக்கு மட்டும் ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க'ன்னுச்சு.

அங்கயே வெளிய வந்து வேப்பமரத்துக்கு அடியில நின்னு போன் பண்ணினேன். பெரியப்பாதான் எடுத்தாரு. அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் சரியாச் சொல்லலீங்க, அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லைன்னு தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவரு பொறுமையாக் கேட்டாரு. 'பையனுக்கு வைகாசியில கல்யாணமே ஆயிருச்சுங்களே'ன்னாரு. 'இதை அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே'ன்னாரு.

திரும்பப் போயிச் சொன்னேன். ரேணுகா தலையாட்டுச்சு. 'தங்கச்சி பேரை உங்க ரிஜிஸ்டர்ல இருந்து எடுத்துருங்க சார்' அப்படின்னு மட்டும் சொல்லுச்சு. அந்தப் பஞ்சை நானே எடுத்துட்டு வந்துட்டேன்.

அப்பறம் இதை மூணு பேருகிட்டச் சொல்லியிருக்கறேன். பஸ்ல பக்கத்துல உக்காந்தவரு ஒருத்தரு, சலூன்ல ஒருத்தரு, கோயில்ல ஒருத்தரு. யாரு பேரும் தெரியாது. உங்களோட நாலு. சொல்லிட்டா லேசாயிரும்பாங்க. ஆகலீங்க. சொல்ல வேண்டிய ஆளு ஒருத்தரு இருக்கறாரு, அவருகிட்ட மட்டும் வாய் வரமாட்டேங்குது.

அவரும் வந்திருக்காருங்க. பழசு வேண்டாம், இந்தத் தடவை புதுப் பிரிண்டரை நானே வந்து பாக்கறேன்னு கூடவே வந்துட்டாரு. வண்டியை நிறுத்த எடம் தேடிட்டு இருக்காரு. அதோ, வெள்ளைச் சட்டை, ரோட்டைத் தாண்டறாரு பாருங்க, அவருதான்.

உங்களைக் கூப்பிட இன்னும் நேரமிருக்குதுங்க. எந்திரிக்காதீங்க தம்பி. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். இங்கயே உக்காந்திருங்க, போதும். பக்கத்துல விசயம் தெரிஞ்ச ஆளு ஒருத்தரு இருந்தா நான் மாத்திச் சொல்ல மாட்டேன்.

வாங்கண்ணா. இப்படி உக்காருங்க. இவரும் பிரிண்டர் வாங்கத்தான் வந்திருக்காரு. டோக்கன் வர்ற வரைக்கும் ஒரு விசயமுங்கண்ணா. மிஷினப் பத்தி இல்லீங்க. ரேணுகாவப் பத்தி. அந்தப் பூப்படத்தை அது என்கிட்டக் கேட்டுட்டுத்தான் எடுத்துச்சு. நோட்டுல எழுத வேண்டாம்னு நான்தான் சொன்னேன்.

இல்லீங்கண்ணா. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சுன்னு இல்லீங்க. அன்னைக்கும் ஞாபகம் இருந்துச்சு.